காய்ச்சல் போய்விட்டது, நோவு போகவில்லை

கம்பஹா மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் நான்கு பக்கம். முதற் பக்கத்தில் எழுத்து ஒழுங்காக இருக்கிறது. இரண்டாம் பக்கத்திலிருந்து கோணிக்கொண்டு போகிறது. "விரல் மடங்குவதில்லை, அதனால்தான் எழுத்து இப்படி, குறை நினைக்க வேண்டாம் மௌலவி" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

2025ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் இவருக்குச் சிக்குன்குனியா கண்டிருக்கிறது. 2024இன் இறுதியிலிருந்து கொழும்பு, கம்பஹா, கண்டிப் பக்கங்களில் அது மீண்டும் தலைதூக்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சல் ஐந்து நாளில் விட்டுவிட்டது. ஆனால் மணிக்கட்டு, விரல்கள், கணுக்கால் ஆகியவற்றில் பிடித்த நோவு மாதக்கணக்காக விடவில்லை. கணவர் கத்தாரில் சாரதி. இவர் இரண்டு பிள்ளைகளுடன் மாமி வீட்டில் இருக்கிறார்.

அவர் எழுதுகிறார்: "ஸுபஹுக்கு எழும்பினால் கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கக் கையில் பிடியில்லை. மகனின் ஸ்கூல் சட்டைக்குப் பொத்தான் பூட்ட முடியவில்லை. தேங்காய் துருவ முடியவில்லை. பத்து மணி போல ஆனதும் கொஞ்சம் இளகி வரும். பகலில் நான் நடமாடுவதைப் பார்த்துவிட்டு, 'காலையில் மட்டும் வருகிற வருத்தம் என்ன வருத்தம்' என்று மாமி கேட்கிறார். எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். அதிலிருந்து நான் நடிக்கிறேன் என்பது வீட்டில் முடிவாகிவிட்டது. அவருக்கும் போனில் சொல்லியிருக்கிறார்கள். முன்பு தினமும் எடுப்பவர் இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் எடுக்கிறார்."

இதற்குப் பிறகு மூன்று கேள்விகள். கதிரையில் இருந்து தொழுவது கூடுமா? 2025 மார்ச்சில் வந்த ரமழானில் விட்ட நோன்புகளுக்கு என்ன செய்வது? இது அல்லாஹ் எனக்குத் தந்த தண்டனையா?

மார்க்கச் சட்டம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் சட்டத்தைப் பற்றியதல்ல, தன்னை ஒருவரும் நம்பவில்லை என்பதைப் பற்றியது. ஆகவே மஸ்அலாவுக்குப் போகுமுன் நோயைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. நான் வைத்தியன் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததையே சொல்கிறேன்.

முதலில் பெயர். கோழி இறைச்சிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'சிக்கன்' என்று காதில் விழுந்ததால் கோழியை விலக்கியவர்கள் உண்டு. அது கிழக்கு ஆபிரிக்காவின் மகொண்டே மக்களுடைய மொழிச் சொல். இன்று தன்சானியா எனப்படும் நாட்டின் தெற்கே, 1952-53இல் இந்த நோய் பரவியபோதுதான் மருத்துவ உலகம் இதை இனங்கண்டது. நோவால் உடம்பு வளைந்து கூனிப் போவதை அந்த மக்கள் அந்தச் சொல்லால் குறித்தார்கள். ஆக, பெயர் வைத்தவர்கள் காய்ச்சலைப் பார்த்து வைக்கவில்லை, மூட்டு நோவைப் பார்த்தே வைத்தார்கள்.

அரபு மொழி படித்தவன் என்ற வகையில் எனக்கு இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. எகிப்திய வரலாற்றாசிரியர் அல்ஜபர்த்தி தமது 'அஜாஇபுல் ஆஸார்' என்ற நூலில், ஹிஜ்ரி 1193ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1779இல், கெய்ரோவில் பரவிய ஒரு காய்ச்சலைப் பதிவு செய்திருக்கிறார். மக்கள் அதற்கு 'அபுர் ருகப்' என்று பெயரிட்டார்கள். முழங்கால்களின் தந்தை என்று பொருள். காய்ச்சல் மூன்று நாளளவில் கடுமையாக இருக்கும், மூட்டுகளிலும் முழங்கால்களிலும் நோவு உண்டாகும், விரல்கள் அசையாமல் நின்றுவிடும், ஓரளவு வீக்கமும் காணும், அதன் சுவடு ஒரு மாதத்துக்கு மேலும் தங்கியிருக்கும் என்ற கருத்தில் அவர் எழுதுகிறார். அது சிக்குன்குனியாவாகவே இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விரல் மடங்காமல் கம்பஹாவிலிருந்து கடிதம் எழுதிய சகோதரியே, இருநூறு வருடங்களுக்கு முன்பே உங்கள் விரலைப் பற்றி ஓர் ஆலிம் எழுதி வைத்துவிட்டார். அவரும் இதை நடிப்பு என்று எழுதவில்லை.

டெங்கைப் பரப்பும் அதே ஈடிஸ் இன நுளம்புகள்தாம் இதையும் பரப்புகின்றன. பகலில் கடிப்பவை. கடித்த மூன்று நாளிலிருந்து ஏழு நாளுக்குள் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும். காய்ச்சல் ஒரு கிழமைக்குள் போய்விடும். மூட்டு நோவும் பலருக்குச் சில கிழமைகளில் அடங்கிவிடும். ஆனால் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடிக்கிறது. இதை மருத்துவர்கள் நாட்பட்ட நிலை என்கிறார்கள். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போகும். பெண்களுக்கும், நாற்பது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும், முன்பே மூட்டு வருத்தம் உள்ளவர்களுக்கும், ஆரம்பத்தில் நோவு மிகக் கடுமையாக இருந்தவர்களுக்கும் இப்படி நீடிக்கும் வாய்ப்பு அதிகம்.

ஏன் நீடிக்கிறது? வைரசை எதிர்க்க எழுந்த உடம்பின் சக்தி, வைரஸ் போன பின்னும் மூட்டுகளைச் சுற்றியுள்ள சவ்விலும் நரம்பு நாரிலும் அமைதியடையாமல் நிற்கிறது. மாதக்கணக்கின் பின்னரும் மூட்டுச் சவ்வில் வைரசின் எச்சங்கள் காணப்பட்டதுண்டு. இது அழற்சி. எலும்பு முறிவல்ல. எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும், சவ்வின் வீக்கத்தைக் காட்டாது. எனவே 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்றால் எலும்பு தேயவில்லை, உடையவில்லை என்றுதான் அர்த்தம். நோவு இல்லை என்று அர்த்தமல்ல. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வேண்டிய ஒரு செய்தியை நாம் ஒரு பெண்ணுக்கு எதிரான சாட்சியாக ஆக்கிவிடுகிறோம்.

அடுத்தது, மாமி கேட்ட கேள்வி. காலையில் மட்டும் வருகிற வருத்தம் என்ன வருத்தம்? கேள்வியில் தவறில்லை. அதற்குப் பதிலும் உண்டு. அழற்சியால் வரும் மூட்டு நோவின் சுபாவமே அதுதான். இரவு முழுவதும் அசையாமல் கிடந்த மூட்டு விடியற்காலையில் இறுகிப் போயிருக்கும். அசைக்க அசைக்க, வெயில் ஏற ஏற, மெல்ல இளகும். நீண்ட நேரம் ஒரே இடத்தில் இருந்துவிட்டு எழும்பினால் மீண்டும் இறுகும். இரண்டு கிழமை சுகமாக இருந்துவிட்டு மூன்றாம் கிழமை திரும்ப வருவதும் உண்டு. இதோடு தசை உளைவும் ஒரு விதக் களைப்பும் சேர்ந்து கொள்கின்றன. தூங்கி எழும்பினாலும் அந்தக் களைப்புத் தீராது. பகலில் நடக்கிறாள், ஆகவே காலையில் நடித்தாள் என்று முடிவு கட்டுவது, மாலையில் கடல் வற்றியிருக்கிறது, ஆகவே காலையில் பெருக்கு இருக்கவில்லை என்று சொல்வது போன்றது.

இதைச் சொல்லும்போது நான் மற்றவர்களைக் குறை சொல்பவனாக மட்டும் நின்றுவிடக் கூடாது. 2006இன் இறுதியில் இந்த நோய் நம் நாட்டில் பெரிதாகப் பரவியது. 1960களுக்குப் பிறகு இங்கு இதைப் பற்றிப் பெரிதாகக் கேள்விப்பட்டிராத காலம். மன்னார், யாழ்ப்பாணம், புத்தளம், திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை என்று கரையோரம் முழுக்கப் படுத்துக் கிடந்தது. எங்கள் வீட்டில் உம்மாவைப் பிடித்தது. நான் அப்போது அரபுக் கல்லூரியில் கடைசி வருடங்களில் ஓதிக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வீடு வந்தபோது காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

உம்மா கட்டிலில் இருந்தபடி ஸுபஹ் தொழுவதைக் கண்டேன். அன்று பகல் அவர் அடுப்படியில் நின்று எனக்காக மீன் ஆணம் காய்ச்சுவதையும் கண்டேன். புதிதாகப் படித்த பிக்ஹு தலைக்குள் நிறைந்திருந்த வயது. "அடுப்படியில் நிற்க முடிந்தவருக்குத் தொழுகையில் நிற்க முடியாமல் போகுமா உம்மா? கியாம் பர்ளு அல்லவா?" என்று கேட்டேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஸுபஹுக்கு நின்றார். ருகூஉ செய்தார். ஸுஜூதுக்குப் போகும்போது மணிக்கட்டு பாரத்தைத் தாங்காமல் முகம் நிலத்தில் மோதிய சத்தத்தைப் பக்கத்து அறையில் இருந்த நான் கேட்டேன். ஓடிப் போனேன். தொழுகையை முறிக்காமல் அப்படியே கிடந்தார். ஸலாம் கொடுத்த பிறகு, "இப்ப சரியா மகன்?" என்று கேட்டார்.

அன்று நான் சொன்னதில் கிதாபில் இல்லாத சொல் ஒன்றுமில்லை. கியாம் பர்ளுதான். ஆனால் பகலில் கண்டதை வைத்து ஸுபஹைத் தீர்ப்பளித்தேன். எந்தக் கிதாபும் அப்படிச் சொல்லவில்லை. நோயாளியின் தொழுகையைப் பற்றி ஷாபிஈ மத்ஹபில் இருக்கும் சட்டம் இந்த நோய்க்கென்றே சொல்லி வைத்தது போல இருக்கிறது என்பதைப் பல வருடம் கழித்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போதுதான் உணர்ந்தேன்.

மூலநோய் இருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரழி) அவர்கள் தொழுகை பற்றிக் கேட்டபோது, நின்று தொழுமாறும், முடியாவிட்டால் இருந்தும், அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் வருகிறது. 'முடியாவிட்டால்' என்பதன் எல்லை என்ன? எழுந்தால் விழுந்து சாக வேண்டும் என்பதல்ல. நின்றால் கடும் சிரமம் ஏற்படும், அல்லது நோய் கூடும், அல்லது நோவினால் தொழுகையின் உள்ளச்சமே போய்விடும் என்றால் இருந்து தொழலாம் என்று நம் இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். அந்தச் சிரமத்தை அறிபவர் நோயாளிதான். மாமியோ மௌலவியோ அல்ல.

ஒவ்வொரு தொழுகையும் அந்தந்த நேரத்து நிலையைக் கொண்டே கணிக்கப்படும். ஸுபஹில் மூட்டு இறுகியிருந்தால் இருந்து தொழுவார். ளுஹரில் இளகிவிட்டால் நின்று தொழுவார். இதில் முரண்பாடே இல்லை. ஒரே தொழுகைக்குள்ளும் இப்படித்தான். நின்று தொடங்கியவர் இடையில் நோவு தாங்காவிட்டால் இருந்துகொள்ளலாம். இருந்து தொடங்கியவருக்கு இலேசானால் எழுந்து நிற்க வேண்டும். நோய் எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே சட்டமும் கூடவே ஏறி இறங்குகிறது.

ஆகவே சகோதரியே, கதிரையில் இருந்து தொழுவது கூடும். ஆனால் முடிந்த பகுதியை விட்டுவிட வேண்டாம். நிற்க முடியும், குனியவும் ஸுஜூது செய்யவும்தான் முடியாது என்றால், பாத்திஹாவுக்கு நின்றுகொள்ளுங்கள். சுவரிலோ தடியிலோ சாய்ந்து நிற்பதும் நிற்பதுதான். பிறகு கதிரையில் இருந்து ருகூஉவுக்குச் சற்றும், ஸுஜூதுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் குனியுங்கள். நிற்கத்தான் முடியாது, நிலத்தில் நெற்றி வைக்க முடியும் என்றால் நிலத்தில் இருந்து தொழுது ஸுஜூதை நிறைவாகச் செய்யுங்கள். பள்ளிவாசலுக்குக் கதிரை வந்த பிறகு முழுத் தொழுகையையும் அதிலேயே முடித்துவிடும் பழக்கம் ஆண்களிடம் பெருகியிருக்கிறது. அதைக் கண்டிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் யாரைக் கண்டிக்கிறோம் என்று தெரியாமல் மிம்பரில் நின்று பொதுவாகக் கண்டித்தால், உண்மையான நோயாளிதான் முதலில் வெட்கப்பட்டுப் பள்ளிக்கு வராமல் நிற்பார். பழக்கதோஷத்தில் இருப்பவர் அசையவே மாட்டார்.

மணிக்கட்டு நோவுள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஸுஜூதில் நெற்றியைத்தான் அழுத்தி வைக்க வேண்டும். உள்ளங்கைகள் நிலத்தில் படுவது போதும், அவற்றில் உடம்பின் பாரத்தைப் போட வேண்டியதில்லை. என் உம்மாவுக்கு இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கலாம். கியாமைச் சொன்ன எனக்கு இது நினைவுக்கு வரவில்லை. அத்தஹிய்யாத் இருப்பில் கணுக்காலை மடிக்க முடியாவிட்டால் எப்படி இயலுமோ அப்படி இருக்கலாம். கால் நீட்டி இருந்தாலும் தொழுகைக்குக் குறைவில்லை.

வுழூவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த நீர் பட்டால் நோவு கூடுகிறது என்பதற்காக மட்டும் தயம்மும் செய்யக் கூடாது. நீரைச் சூடாக்கிக் கொள்ளுங்கள். பைப்பைத் திருக முடியாவிட்டால் மகன் ஊற்றித் தரலாம். வுழூவில் பிறர் உதவி பெறுவது கூடும். சூடாக்கிய நீராலும் நோய் கூடும் அல்லது சுகம் தாமதிக்கும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் மட்டுமே தயம்மும்.

இது தண்டனையா என்ற கேள்வி. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் காய்ச்சலாக இருந்த நபி (ஸல்) அவர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடுமையாக இருக்கிறதே என்றபோது, இரண்டு பேருக்கு வருமளவு தமக்கு வருவதாக நபியவர்கள் சொன்னார்கள். காய்ச்சல் தண்டனை என்றால் அந்த உடம்பு ஏன் சூடாக வேண்டும்? ஐயூப் (அலை) அவர்களின் உடம்பை அல்லாஹ் சோதித்ததும் கோபத்தினால் அல்ல. காய்ச்சலைத் திட்டிய ஒரு ஸஹாபிப் பெண்மணியிடம், அதைத் திட்ட வேண்டாம், உலை இரும்பின் அழுக்கைப் போக்குவது போல அது பாவங்களைப் போக்குகிறது என்று நபியவர்கள் சொன்னதை முஸ்லிம் கிரந்தத்தில் காணலாம். முள் குத்தினால்கூடக் கூலி உண்டு என்றால், மாதக்கணக்காக விரல் முட்டு ஒவ்வொன்றிலும் குத்துவது வீணாகிவிடுமா? சுகமாக இருந்தபோது நீங்கள் நின்று தொழுத தொழுகைகளின் கூலி, இப்போது இருந்து தொழும்போதும் அப்படியே எழுதப்படும் என்பது அபூ மூஸா (ரழி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து.

ஆனால் கூலி உண்டு என்பதற்காக நோயைச் சும்மா சுமந்துகொண்டிருக்கச் சொல்லவில்லை. மருந்து செய்வதும் ஸுன்னத்துத்தான். இதில் நம்மவர்கள் இரண்டு தவறு செய்கிறோம்.

ஒன்று, காய்ச்சல் கண்ட முதல் நாட்களில் நோவு தாங்காமல் டிஸ்பென்சரியில் நோவு ஊசி போடச் சொல்வது, அல்லது பார்மசியில் டைக்லோஃபெனாக், ஐபுபுரோபன் குளிசை வாங்கி விழுங்குவது. அந்த நாட்களில் அது டெங்கா சிக்குன்குனியாவா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. டெங்காக இருந்தால் அந்த மருந்துகளும் அஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். 2017இல் நம் நாட்டில் டெங்கு நோயாளர் தொகை ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியதை மறக்கக் கூடாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பனடோல், அதுவும் அளவோடு. இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்வதைக் கேட்கலாம்.

மற்றது, காய்ச்சல் போன பின் நோவு நீடிக்கும்போது பெயர் ஒட்டாத குளிசைகளைத் தேடிப் போவது. "ஒரு குளிசைதான், அடுத்த நாளே எழும்பி நடந்தேன்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டும். அதில் ஸ்டெரொயிட் இருக்கக் கூடும். மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்குக் கொடுக்கும்போது அது மருந்து. கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் சீனி வருத்தம், பிரஷர், எலும்புத் தேய்வு எல்லாம் கூடும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. ஓதிப் பார்ப்பதும், எண்ணெய் பூசுவதும், சுடுநீர் ஒத்தடம் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் அவற்றோடு மருத்துவரிடமும் போக வேண்டும்.

எங்கே போவது? மூன்று மாதம் தாண்டியும் வீக்கமும் காலை இறுக்கமும் இருந்தால், அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பீ.டி.யில் சொல்லி ருமட்டோலஜி கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். மூட்டு, தசை வருத்தங்களுக்கான கிளினிக் அது. சிலருக்கு இந்த நோய்க்குப் பிறகு வேறு மூட்டுவாதம் தொடங்கியிருக்கவும் கூடும். அதைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். நோவுக் குளிசை போதாதவர்களுக்கு அழற்சியை அடக்கும் வேறு மருந்துகளும் அங்கே உண்டு. பிசியோதெரபிக்கும் அனுப்புவார்கள். இளஞ்சூட்டு நீரில் கையை வைத்து விரல்களை மெதுவாக மடக்கி விரிப்பது போன்ற பயிற்சிகள் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் நாளும் செய்தால் பலன் தெரியும். முழு நாளும் படுத்தே கிடந்தால் தசை மெலிந்து மூட்டு மேலும் இறுகும். ஒரே நாளில் வீடு முழுக்கக் கழுவினால் மறுநாள் வீங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. பெரும்பாலானோருக்குக் காலம் செல்லச் செல்ல நோவு குறைந்துகொண்டே போகிறது என்பதையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த மூட்டு நோவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஒரே பீங்கானில் சாப்பிடுவதாலோ பிள்ளையைத் தூக்குவதாலோ பரவாது. காய்ச்சல் கண்ட முதற் கிழமையில் நோயாளியைக் கடித்த நுளம்புதான் மற்றவருக்குக் கொண்டுபோகும். ஆகவே அந்தக் கிழமை பகலிலும் நுளம்பு வலைக்குள் இருக்க வேண்டும். அதைவிட, நுளம்பு பெருக இடம் கொடுக்காமல் இருக்க வேண்டும். ஈடிஸ் சாக்கடையில் முட்டையிடுவதில்லை, தெளிந்து தேங்கிய நீரில்தான் இடும். கூரைப் பீலி, வீசிய யோகட் கோப்பை, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, இளநீர்க் கோம்பை, அத்தோடு நம் பள்ளிவாசல்களில் பாவனையில்லாமல் கிடக்கும் பழைய ஹவுழ். பி.எச்.ஐ. வந்து சொன்னால் கோபிக்கிறோம். தன்னாலும் பிறருக்குத் தீங்கு வரக்கூடாது என்ற மார்க்க விதியை நாம் காணி எல்லைத் தகராறுக்கு மட்டும்தான் ஓதுகிறோம்.

இனி கத்தாரில் இருக்கும் சகோதரருக்கு. உங்களுடைய உம்மா பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார். கண்டதன் காரணம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருக்கவில்லை. ஆனால் நவவி இமாமின் 'மின்ஹாஜ்' கிதாபில் மனைவியின் செலவு பற்றிய பாடத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. மனைவி நோயினால் பணிவிடைக்குத் தேவையுள்ளவளாக இருந்தால், அவளுக்குப் பணியாளை ஏற்படுத்திக் கொடுப்பது கணவன் மீது கடமை. நல்ல குணம் என்று சொல்லவில்லை, கடமை என்று சொல்கிறார். காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை, மூட்டு இறுகியிருக்கும் அந்த நான்கு மணி நேரத்துக்கு, பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவரைச் சம்பளம் கொடுத்து உதவிக்கு வைத்தால் தேங்காயும் துருவப்படும், பிள்ளையும் பாடசாலைக்குப் போகும், உங்கள் உம்மாவின் தலையிலும் வேலை விழாது. வயதான அவருக்கும் முழங்கால் இருக்கிறது. நான் அறிந்த வீடுகளில் இப்படியான சண்டைகளில் பாதி, இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் ஒரு துருவலை கிடப்பதால் வருவதுதான்.

மாமிக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் ஸுபஹ் நேரத்தில் மருமகளின் கையை உங்கள் கைக்குள் எடுத்துப் பாருங்கள். விரல் முட்டுகள் தடித்து, சூடாக இருப்பது தெரியும். பத்து மணிக்கு மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.

நோன்பு விஷயம் பாக்கியிருக்கிறது. உங்கள் நோய் சுகமாகும் என்ற நம்பிக்கை உள்ள நோய். எனவே விட்ட நோன்புகளுக்குப் பகரமாக பித்யா கொடுத்தால் போதாது, சுகமானதும் களாச் செய்ய வேண்டும். தொடர்ந்து பிடிக்க வேண்டியதில்லை, நோவு குறைந்த நாட்களில் ஒன்றிரண்டாகப் பிடித்துக் கொள்ளலாம். இரண்டு வேளைக் குளிசைகளை ஸஹருக்கும் நோன்பு திறப்பதற்குமாக மாற்ற முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள், பல மருந்துகளை மாற்றலாம். அடுத்த ரமழான் வருமுன் களாச் செய்ய முடியாமல் போனது நோயினால்தான் என்றால், தாமதத்துக்கான பித்யா உங்கள் மீது இல்லை. இனிச் சுகமாகாது என்று மருத்துவர்கள் கைவிட்டால் மட்டுமே, ஒரு நோன்புக்கு ஒரு முத்து அளவு அரிசி என்ற கணக்கு வரும். அந்த நிலை உங்களுக்கு இல்லை, இன்ஷா அல்லாஹ் வரவும் மாட்டாது.

கிளினிக்குக்குப் போகும்போது எக்ஸ்ரேயையும் கொண்டு போங்கள். காலையில் எழும்பியதிலிருந்து கை இளக எத்தனை மணி நேரம் எடுக்கிறது என்பதை ஒரு கிழமைக்குக் கொப்பியில் குறித்து வைத்துக் காட்டுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அது ஒன்று. எழுதக் கை வராவிட்டால் மகனைக் குறிக்கச் சொல்லுங்கள்.